சிறுசேரி கிராமம்! இடைக்கழிநாடு நகரம்! வீடு கட்டப் போகிறவருக்கு இது தெரியுமா?

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். அந்த வரிசையில் வடக்கு ஓரத்தில் நிற்கிறதே, எல்லாவற்றிலும் சின்னது, திரௌபதி ரதம், அது எதைப் பார்த்துச் செதுக்கப்பட்டது தெரியுமா? ஒரு குடிசையைப் பார்த்து! அடுக்கடுக்கான தளங்கள் இல்லை, ஓங்கிய கோபுரம் இல்லை. நான்கு பக்கமும் வளைந்து இறங்கும் கூரை மட்டும்தான். ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிக்கு எதிரே இருந்தது கீற்றும் ஓலையும் வேய்ந்த வீடு. அதை அப்படியே ஒற்றைப் பாறையில் இறக்கிவிட்டார். அரண்மனையைச் செதுக்கியவர்கள் உலகமெங்கும் உண்டு. ஏழையின் கூரையைத் தெய்வம் குடியிருக்கும் இடமாகக் கல்லில் வைத்தது நம் கடற்கரை!

அந்தக் கல் குடிசை 1,300 ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. அதே கரையில் ஓலைக் குடிசைகள் புயலுக்குப் பறந்தன, தீக்கு எரிந்தன, மறுபடி வேயப்பட்டன. இன்று அந்தக் குடிசையைக் கான்கிரீட் வீடாக்க அரசு பணம் கொடுக்கிறது. சம்பளக்காரர் வாங்கும் வீட்டுக்கடனின் வட்டியில் ஒரு பங்கை அரசே ஏற்கிறது. வங்கி கொடுக்கும் கடனுக்கு அரசின் நிதியம் உத்தரவாதமாக நிற்கிறது. இத்தனையும் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே நடக்கிறது. ஆனால் யாருக்கு எது கிடைக்கும் என்பதை முடிவு செய்வது எது தெரியுமா? வரைபடத்தில் போட்ட சில கோடுகள்!

முதல் கோட்டைப் பாருங்கள், மலைத்துப் போவீர்கள்.

பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி. சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, கண்ணாடிக் கட்டடங்கள், பல மாடிக் குடியிருப்புகள், விடிய விடிய எரியும் விளக்குகள். இது என்ன, மாநகராட்சியா, நகராட்சியா? இரண்டும் இல்லை. கிராம ஊராட்சி! திருப்போரூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. பக்கத்து நாவலூர், படூர், கேளம்பாக்கம் எல்லாமே கிராம ஊராட்சிகள்தான். இப்போது அப்படியே கடற்கரை ஓரமாகத் தெற்கே போய்ச் செய்யூர் வட்டத்தில் இடைக்கழிநாட்டில் இறங்குங்கள். தென்னந்தோப்பு, மாந்தோப்பு, சவுக்கு, நெல் வயல், மீனவர் குப்பங்கள். கண்ணுக்கு எட்டிய வரை கிராமம். ஆனால் அரசுப் பதிவேட்டில் இடைக்கழிநாடு பேரூராட்சி, அதாவது நகர்ப்புற உள்ளாட்சி!

இதனால் என்ன ஆகிறது? ஐ.டி. பூங்காவுக்குப் பின்புறத் தெருவில் குடிசையில் இருப்பவருக்கு ஊரக வீட்டுத் திட்டங்கள். தென்னந்தோப்புக்கு நடுவே குடிசையில் இருப்பவருக்கு நகர்ப்புற வீட்டுத் திட்டம். விண்ணப்பம் போகும் அலுவலகம் வேறு, தொகை வேறு, விதி வேறு. பி.டி.ஓ. ஆபீஸ் வாசலில் பாதி நாள் காத்திருந்து, உங்கள் ஊர் இங்கே வராது என்று கேட்டுத் திரும்புகிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் இந்த ஒரு கோட்டில்தான் தொடங்குகிறது. மாமல்லபுரமே பேரூராட்சியாக இருந்து நகராட்சியாக உயர்ந்த ஊர். தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சி ஆனது. செங்கல்பட்டு தனி மாவட்டமாக உதித்தது 2019 நவம்பர் 29-இல்தான். இப்படி வேகமாக உருமாறும் மண்ணில், நேற்றுவரை கிராமமாக இருந்த தெரு நாளை நகரமாகிவிடும். அதனால் வீடு கட்ட நினைப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நம் இடம் எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்பதே.

சரி, கிராமப் பக்கம் என்ன கிடைக்கிறது?

தமிழ்நாட்டைக் குடிசை இல்லாத மாநிலமாக்குவோம் என்று 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது கலைஞரின் கனவு இல்லம் திட்டம். 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் வீடுகள். முதல் ஆண்டுக்கு மட்டும் 1 லட்சம் வீடுகள், 3,500 கோடி ரூபாய். வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம்! பரப்பு குறைந்தது 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. அந்த 60 சதுர அடி எனக்கு மிகவும் பிடித்த விதி. நம் வீடுகளில் திண்ணையோ, முன்புறச் சாய்ப்போ, விறகடுப்பு வைக்க ஒரு மூலையோ இல்லாமல் எப்படி? எட்டுக்குப் பத்து அறைக்குள் எல்லாவற்றையும் அடைத்து வைக்காமல், அந்த இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பணம் மொத்தமாகக் கைக்கு வராது. அஸ்திவாரம், லிண்டல் மட்டம், தளம், முடிவு என்று வேலை ஏற ஏற வரும்.

இதற்கு இணையாக ஓடுவது பிரதம மந்திரியின் ஊரகக் குடியிருப்புத் திட்டம். 2016-இல் தொடங்கியது. சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய், அதில் மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. பெரும்பாலான மாநிலங்களில் இதுதான் கணக்கு. ஆனால் தமிழ்நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? இந்தத் தொகையில் இங்கே கான்கிரீட் தளம் போட முடியாது என்று மாநில அரசு தளத்துக்கென்றே தனியாக இன்னொரு 1 லட்சத்து 20 ஆயிரம் சேர்த்தது! ஆக மொத்தம் 2 லட்சத்து 40 ஆயிரம். அதில் மத்திய அரசின் பங்கு 72 ஆயிரம், மாநில அரசின் பங்கு 1 லட்சத்து 68 ஆயிரம். திட்டத்தின் பெயர்ப்பலகை டெல்லியுடையது, செலவில் பெரும்பங்கு சென்னையுடையது!

இதே திட்டத்தில் பலருக்குத் தெரியாத வரி ஒன்று உண்டு. மானியம் போதவில்லை என்றால், பயனாளி விரும்பினால், 70 ஆயிரம் ரூபாய் வரை வங்கிக் கடன் பெற உதவ வேண்டும் என்கிறது விதி. மானியத்தில் பாதி வரை சுவர் எழுப்பிவிட்டு, மீதிக்குக் கந்துவட்டிக்குப் போகிறவர்களை நம் ஊர்களில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம். கம்பியும் சிமென்ட்டும் எம்-சாண்டும் விற்கிற விலையில், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுத்து, 2 லட்சத்து 40 ஆயிரத்துக்குள் வீட்டை முடிப்பது பெரும் சாமர்த்தியம். கந்துவட்டிக்காரரிடம் போகும் முன், அந்த 70 ஆயிரத்தைப் பற்றி ஒன்றிய அலுவலகத்திலும் வங்கியிலும் வாய்விட்டுக் கேளுங்கள்.

இன்னொரு வியப்பு. கிராமத்து வீட்டுக்கு அரசு உதவி என்றால் இன்று மானியம்தான் நினைவுக்கு வருகிறது. இந்தியாவின் முதல் ஊரக வீட்டுத் திட்டம் எது தெரியுமா? 1957-இல் சமுதாய வளர்ச்சி இயக்கத்தின் பகுதியாக வந்த கிராம வீட்டுவசதித் திட்டம். அது மானியமே இல்லை, கடன்! தனி நபருக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய். ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டம் முடிவதற்குள் கட்டி முடித்த வீடுகள் இந்தியா முழுவதற்கும் சுமார் 67 ஆயிரம்தான். காரணம் எளிது. விளைச்சலை நம்பி வாழ்கிறவருக்கு மாதத் தவணை ஒத்துவராது. பட்டா இல்லாதவருக்குக் கடனே கிடையாது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, 1985-86-இல் மானியமாக வந்ததுதான் இந்திரா குடியிருப்புத் திட்டம்.

கடன் என்றதும் இன்னொன்று. இந்தியாவில் 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும் முதலில் பதிவான வேளாண் கடன் சங்கம் எங்கே இருந்தது தெரியுமா? பம்பாயிலோ வங்காளத்திலோ இல்லை, திரூரில்! இன்றைக்கு அது திருவள்ளூர் மாவட்டம். அன்றைக்கு அது செங்கல்பட்டு மாவட்டம்! ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று கடன் வாங்கிய முறை சட்டப்படி முதலில் வேர்விட்டது இந்த மண்ணில்தான். எந்தப் பாடப்புத்தகத்திலும் இதைப் பெரிய எழுத்தில் போடவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இப்போது கோட்டுக்கு அந்தப் பக்கம், நகரத்துக்குப் போவோம். இங்கேதான் மாதச் சம்பளக்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

பிரதம மந்திரியின் நகர்ப்புறக் குடியிருப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பர் 1-இல் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் 1 கோடிக் குடும்பங்கள். சொந்த மனையில் தானே கட்டிக்கொள்கிறவருக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநிலப் பங்கு குறைந்தது 1 லட்சம். இடைக்கழிநாட்டுக் குடிசைக்காரருக்கான வழி இது. வங்கியில் கடன் வாங்கி வீடு வாங்குகிறவருக்கு வேறு வழி, வட்டி மானியம். ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள். கடனின் முதல் 8 லட்சத்துக்கு, 12 ஆண்டுக் காலக் கணக்கில் 4 சதவீத வட்டி மானியம். உச்சவரம்பு 1 லட்சத்து 80 ஆயிரம். ஐந்து ஆண்டுத் தவணையாகக் கடன் கணக்கில் வரவாகும். அதாவது ஆண்டுக்கு 36 ஆயிரம் ரூபாய் வரை! நிபந்தனைகள் உண்டு. ஒழுங்காகத் தவணை கட்டி வர வேண்டும், கடனில் பாதிக்கு மேல் நிலுவை இருக்க வேண்டும். குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 ஆண்டுகளில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருக்கவும் கூடாது.

இது நகரத்துக்கு மட்டும்தானே, கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் ஊராட்சியில் மனை பார்த்திருக்கும் எனக்கு என்ன என்று விட்டுவிடாதீர்கள். இந்தத் திட்டத்தின் எல்லை நகராட்சி, பேரூராட்சியோடு முடியவில்லை. நகர் வளர்ச்சிக் குழுமங்களின் அறிவிக்கப்பட்ட திட்டமிடு பகுதிகளும் அதில் வருகின்றன! சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் பகுதி முன்பு 1,189 சதுர கிலோமீட்டர். 2022 அக்டோபரில் அது எவ்வளவாக விரிந்தது தெரியுமா? 5,904 சதுர கிலோமீட்டர்! ஏறக்குறைய ஐந்து மடங்கு. செங்கல்பட்டு மாவட்டத்தின் கிராமங்கள் பல அதற்குள் இருக்கின்றன. ஊராட்சித் தலைவர் ஆளும் ஊரில் மனை வாங்கியவரும், அந்த ஊர் திட்டமிடு பகுதிக்குள் இருந்தால், நகர்ப்புற வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஊரகத் திட்டம், நகர்ப்புறத் திட்டம் இரண்டிலும் கை வைக்க முடியாது, ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றையாவது கேட்டு வாங்குகிறோமா? வங்கியில் கையெழுத்துப் போடும் நாளிலேயே இதைக் கேட்டுவிட வேண்டும். கடன் பாதி அடைந்த பிறகு விழித்துக்கொண்டால் பயனில்லை.

அமெரிக்காவிலும் இதே கோட்டு விளையாட்டு நடக்கிறது என்றால் நம்புவீர்களா? அங்கே ஊரக வீட்டுக்கடனை நடத்துவது எந்தத் துறை தெரியுமா? வேளாண்மைத் துறை! 1949-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 502-ஆம் பிரிவில் பிறந்த திட்டம். முன்பணம் ஒரு காசுகூடப் போடாமல் வீடு வாங்கலாம். வங்கி கொடுக்கும் கடனில் 90 சதவீதம் வரை அரசு உத்தரவாதம். ஆனால் அந்த ஊர் அவர்களுடைய கணக்கில் கிராமமாக இருக்க வேண்டும். சில நிபந்தனைகளோடு 35 ஆயிரம் பேர் வரை வசிக்கும் ஊரும் அங்கே கிராமம்! பெருநகரங்களை ஒட்டிய புறநகர் மாவட்டங்களில், ஒரு சாலைக்கு இந்தப் பக்கம் திட்டம் உண்டு, அந்தப் பக்கம் இல்லை. சிறுசேரியும் இடைக்கழிநாடும் நமக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் இல்லை.

அமெரிக்க அரசு செய்வது போன்ற உத்தரவாதம் நம் நாட்டிலும் இருக்கிறது. குறைந்த வருமானக்காரரின் வீட்டுக்கடனுக்கு வங்கி அடமானத்தைத் தாண்டி வேறு ஜாமீன் கேட்காமல் இருக்க, 2012-இல் ஒரு கடன் உத்தரவாத நிதியம் உருவானது. 1,000 கோடியாக இருந்த அதன் இருப்பு, 2024-இல் 3,000 கோடியாக உயர்த்தப்பட்டது. வருமானச் சான்று காட்ட முடியாத தள்ளுவண்டிக்காரருக்கும், மாமல்லபுரத்தில் கல்லுளி பிடிக்கும் சிற்பிக்கும், படகுக் கூலிக்குப் போகிறவருக்கும் வங்கிக் கதவைத் திறக்க வேண்டிய சாவி அது. கிளை மேலாளர்களில் எத்தனை பேர் அதை எடுத்து நீட்டுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

இனி கடற்கரைக் கோடுகள். இவற்றைத் தெரியாமல் மனைக்கு முன்பணம் கொடுத்தவர்கள் படும் பாடு சொல்லி மாளாது.

உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 1991-இல் வந்த விதி, 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்டது. கிராமக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் பொதுவாகக் கட்டுமானம் கூடாத பகுதி. மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமங்களுக்கு இதை 50 மீட்டராகக் குறைக்க 2019 அறிவிக்கை வழி வைத்தது. 200-க்கும் 500-க்கும் இடையே மீனவர் போன்ற பரம்பரைக் குடிகளுக்கு வீடு கட்ட விதியில் இடம் உண்டு. வெளியிலிருந்து வந்து மனை வாங்குகிறவருக்கு அந்த உரிமை வராது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அலைச் சத்தம் கேட்கும் மனை என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தச் சத்தம் எத்தனை மீட்டரில் கேட்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள்! அனுமதி கிடைக்காத மனைக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது.

மாமல்லபுரம் ஊருக்குள் இன்னொரு கோடு. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் முன் அனுமதி இல்லாமல் கட்டக் கூடாது. 2010-இல் திருத்தப்பட்ட சட்டம் இது. வேறு ஊரில் ஒரு கோயிலைச் சுற்றி ஒரு வட்டம் விழும், அவ்வளவுதான். மாமல்லபுரத்தில் குகை, ரதம், பாறைச் சிற்பம், கடற்கரைக் கோயில் என்று ஊரே சின்னங்கள்! வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்து தெருத் தெருவாக மூடிவிடுகின்றன. 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பெருமை நம் எல்லோருக்கும். ஓட்டு வீட்டை இடித்து மாடி எடுக்க முடியாத பாரம் அந்தத் தெருக்காரருக்கு. சிற்பங்களைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. அதற்காக விலை கொடுக்கும் குடும்பங்களுக்கு மாற்று மனையும் எளிய கடனும் கொடுப்பது அரசின் கடமை என்பதிலும் இல்லை.

கடலோரத்தில் 200 மீட்டர் என்ற எண் எவ்வளவு கனமானது என்று இந்தக் கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை வந்த மூன்று மாதத்தில், 2005 மார்ச் 30 தேதியிட்ட 172-ஆம் எண் அரசாணை வந்தது. அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவருக்கு இரண்டு வாய்ப்புகள். 200 மீட்டருக்கு அப்பால் போனால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்புள்ள புது வீடு, இலவசமாக. பழைய இடத்திலேயே இருந்தால் தானே பழுதுபார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. கடலுக்குப் போகிறவருக்கு வீடு கரையில் இருக்க வேண்டும். படகும் வலையும் கண்ணெதிரே இருக்க வேண்டும். அலையின் அச்சம் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம். எந்தக் குப்பத்துப் பெரியவரிடமும் கேட்டுப் பாருங்கள், அந்த 200 மீட்டரை எப்படி யோசித்து முடிவெடுத்தோம் என்று சொல்வார்கள். அப்படிக் கட்டிய வீடுகள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட்டன என்பது மறக்கக் கூடாத செய்தி.

பெண் பெயர் என்றதும் சொல்லியாக வேண்டும். ஊரகத் திட்ட வீடு பொதுவாகப் பெண்ணின் பெயரிலோ, கணவன் மனைவி கூட்டுப் பெயரிலோதான் ஒதுக்கப்படும். நகர்ப்புறத் திட்டத்திலும் அப்படியே. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு மொத்தம் 9 சதவீதம் செலவாகிறது, முத்திரைத் தீர்வையும் மாற்றுத்தீர்வையும் சேர்ந்து 7, பதிவுக் கட்டணம் 2. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு! 10 லட்ச ரூபாய் மனைக்கு 10 ஆயிரம் மிச்சம். கிராமத்து மனைக்கு இந்த வரம்பு நன்றாகவே பொருந்துகிறது.

இவ்வளவு திட்டம், இவ்வளவு கோடு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒற்றைக் காகிதம் இருக்கிறது. பட்டா!

நம் மாவட்டத்துக்கும் நிலக் கணக்குக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது தெரியுமா? 1763-இல் ஆற்காடு நவாப் முகமது அலி, செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். எத்தனை வீடு, எந்தத் தொழில்காரர், நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி, தோப்பு, எல்லாம் ஊர்வாரியாக! நம் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைச்சுவடிகள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. 250 ஆண்டுகளுக்கு முன்பே வீடு வீடாக எண்ணப்பட்ட சீமை இது.

அப்படிப்பட்ட சீமையில், தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில்! காரணம் 1962-இல் வந்த ஒரு தடை. சென்னையைச் சுற்றியுள்ள பகுதியை பெல்ட் ஏரியா என்று வகுத்து, அங்கே புறம்போக்கில் இருப்பவருக்குப் பட்டா கொடுப்பதைத் தடுத்துவிட்டார்கள். பட்டா இல்லையென்றால் கனவு இல்லமும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை. 2025 பிப்ரவரியில்தான் அமைச்சரவை முடிவெடுத்தது, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பெல்ட் ஏரியாவில் 29,187 பேருக்குப் பட்டா கொடுப்பதென்று. அறுபது ஆண்டு! தாத்தா காலத்தில் விழுந்த முடிச்சு, பேரன் காலத்தில் அவிழ்கிறது.

பூஞ்சேரியை நினைத்துப் பாருங்கள். மாமல்லபுரத்துக்கு வாசல் போல இருக்கும் ஊர். 2021 நவம்பர் 4, தீபாவளி நாள். முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அங்கே நேரில் வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, கடனுதவி ஆணைகள் கொடுத்தார். உலகம் முழுவதிலிருந்தும் மனிதர்கள் வந்து பார்க்கும் ஊரின் வாசலில், அதுவரை கையில் ஒரு காகிதம் இல்லாமல் வாழ்ந்திருக்கிறார்கள்.

இருளர்களைப் பற்றி இன்னும் ஒன்று தெரியுமா? இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சு பெருமளவு எங்கிருந்து போகிறது? மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியிலிருந்து! 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவு சங்கம் அங்கே இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்ட இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். நாட்டின் உயிரைக் காக்கும் இந்தச் சமூகத்தில் எத்தனை குடும்பங்கள் ஏரிக்கரையில் தார்ப்பாய்க் கூரையின் கீழ் மழையைக் கழித்தன! தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று பட்டியலிடப்பட்ட ஆறு சமூகங்களில் இருளர் ஒன்று. இத்தகைய பழங்குடிகளுக்காகவே 2023 நவம்பரில் பி.எம். ஜன்மன் திட்டம் வந்தது. வீடு ஒன்றுக்கு 2 லட்சம் ரூபாய் அந்தத் திட்டத்தின் அடிப்படைத் தொகை. இதைப் படிக்கும் ஊராட்சிச் செயலர் யாராவது இருந்தால், உங்கள் ஊர் ஏரிக்கரையில் இருளர் குடும்பம் இருக்கிறதா, பட்டியலில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

வங்கிக்குப் போகிறவர்கள் கையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை சில. 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி கொடுக்கலாம் என்கிறது ரிசர்வ் வங்கி. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் வீட்டின் விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவையும் சேர்த்துக் கணக்கிடலாம்! மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. கடன் அடைந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்! 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறை. பத்திரத்தைக் கேட்டு மாதக்கணக்கில் நடந்தவர்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய ஆயுதம்!

சென்னையைச் சுற்றி வீட்டுக்கடன் கொடுக்கும் ரெப்கோ ஹோம் நிறுவனத்தின் பெயருக்குள் என்ன ஒளிந்திருக்கிறது தெரியுமா? அதன் தாய் வங்கியான ரெப்கோ 1969-இல் தொடங்கப்பட்டது, பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வீடு வாசலை விட்டுக் கப்பலேறி வந்த தாயகம் திரும்பியோருக்காக! அரசுப் பங்கோடு நடக்கும் கூட்டுறவு வங்கி அது. வீடிழந்தவர்களுக்கென்று பிறந்த வங்கி தொடங்கிய நிறுவனம், இன்று பிறர் வீடு கட்டக் கடன் கொடுக்கிறது.

வரைபடத்துக்கு அலைகிறவர்களுக்கு நல்ல செய்தி. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம். ஆனால் மனை அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைப் பிரிவுகள் செங்கல்பட்டு நெடுக இன்னும் விற்பனைக்கு வருகின்றன. கம்பத்தில் கொடி கட்டி, மதியச் சாப்பாடு போட்டு, வேனில் கூட்டிப் போய்க் காட்டுவார்கள். வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் அங்கீகார எண்ணும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கனவு இல்லமானாலும் ஊரகக் குடியிருப்புத் திட்டமானாலும், பயனாளிகளின் பட்டியல் உங்கள் கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் குடிசையில் இருப்பவர் பெயர் அதில் இல்லையென்றால், அவருக்காக நீங்கள் எழுந்து கேளுங்கள்.